கேரியில் டால் ஃபெஸ்க்யூ புல்தரை: ஏப்ரலில் தூவியது ஜூலையில் ஏன் கருகியது?

கேள்வி – செம்மண்வாசி

அனைவருக்கும் வணக்கம். வட கரோலினாவின் கேரியில் சென்ற ஆண்டு வீடு வாங்கிக் குடியேறினோம். வீட்டைச் சுற்றி ஏறத்தாழ 4,000 சதுர அடிப் புல்தரை. முந்தைய உரிமையாளர் விட்டுச்சென்றபோதே அது திட்டுத்திட்டாகத்தான் இருந்தது. கடந்த ஏப்ரலில் கடையில் மலிவாகக் கிடைத்த டால் ஃபெஸ்க்யூ விதையை வாங்கித் தூவினேன். பத்தே நாளில் முளைத்து, மே மாதம் முழுவதும் நாற்றங்கால் போலப் பசேலென்று நின்றது. ஜூன் பிற்பாதியில் தட்டு அளவு வட்டங்களாகப் பழுக்கத் தொடங்கி, ஜூலை முடிவதற்குள் பாதிக்கு மேல் வைக்கோல் நிறமாகிவிட்டது. அலுவலகம் முடிந்து வந்து தினமும் மாலை 7 மணிக்குக் கால் மணி நேரம் தண்ணீர் தெளித்து, வாட்டம் தெளியட்டும் என்று ஜூனில் இரண்டு முறை உரமும் போட்டும் பயனில்லை. குடியிருப்புச் சங்கத்திலிருந்து புல்தரையைச் சீராக்கும்படி கடிதமும் வந்துவிட்டது. விதை சரியில்லையா, மண் சரியில்லையா, என் கைதான் சரியில்லையா? இப்போது ஆகஸ்ட், உடனே மறுபடி விதைக்கலாமா?

பதில் 1 – ராலேவாசி

செம்மண்வாசி ஐயா, நான் ராலேயில் பதினான்கு ஆண்டுகளாக இதே புல்லோடு மல்லுக்கட்டி வருகிறேன். உங்கள் விதையைவிட நீங்கள் தேர்ந்த பருவத்தையே நான் குறை சொல்வேன். டால் ஃபெஸ்க்யூ குளிர்பருவப் புல். இலையுதிர் காலத்திலும் இளவேனிலிலும் வளர்ந்து, கோடையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் இயல்புடையது. செப்டம்பரில் முளைக்கும் நாற்றுக்கு அடுத்த வெயில் வருவதற்குள் எட்டு மாதங்கள் வேரிறக்கக் கிடைக்கின்றன. ஏப்ரலில் முளைத்ததற்கோ எட்டு வாரங்கள்தான். மே மாதத்தில் நீங்கள் பார்த்த பசுமை இலையில் இருந்ததே தவிர வேரில் இல்லை. எனவே ஆகஸ்ட் வெயிலில் இன்னொரு மூட்டை விதையை வீணாக்க வேண்டாம். நம் பகுதியில் செப்டம்பர் மாதமே உகந்தது. அக்டோபர் நடுப்பகுதியைத் தாண்டினால் நாற்று உறைபனிக்கு முன் தேறுவது கடினம்.

அதுவரை செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: மண் பரிசோதனை. மாவட்ட வேளாண் விரிவாக்க அலுவலகத்தில் அதற்கான சிறு அட்டைப்பெட்டி தருவார்கள். பத்துப் பன்னிரண்டு இடங்களில் 4 அங்குல ஆழத்துக்கு மண்ணெடுத்து, பிளாஸ்டிக் வாளியில் கலந்து நிரப்புங்கள். துத்தநாகம் பூசிய வாளியோ பித்தளைக் கருவியோ பட்டால் துத்தநாக, செம்பு அளவுகள் தவறாக வந்துவிடும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை மாநில வேளாண் துறை இதைக் கட்டணமின்றிச் செய்து தருகிறது. நம் செம்மண் பெரும்பாலும் அமிலத்தன்மை மிக்கது, பி.ஹெச். 6-க்கும் 6.5-க்கும் இடையில் இருந்தால்தான் இந்தப் புல் உரத்தை முழுமையாக எடுத்துக்கொள்ளும். என் தோட்டத்து மண் முதல் ஆண்டில் 5.3 என்று வந்தது. அமிலத்தன்மையைக் குறைக்கும் சுண்ணாம்புத்தூள் போடாமல் அதற்கு முன் இரண்டு ஆண்டுகள் நான் போட்ட உரமெல்லாம் ஏறக்குறைய வீண்.

விதைப்பதற்கு முன் மண்ணை உருளைகளாகப் பெயர்த்தெடுக்கும் ஏரேட்டரை வாடகைக்கு எடுத்து இரு திசைகளிலும் ஓட்டுங்கள். முந்தைய நாள் மழை பெய்தோ தண்ணீர் பாய்ச்சியோ மண் ஈரமாக இருக்க வேண்டும்; காய்ந்த செம்மண்ணில் அது அரை அங்குலம்கூட இறங்காமல் துள்ளும். தெளிப்பான் தலைகளுக்குப் பக்கத்தில் அடையாளத்துக்குச் சிறு துணிக்கொடி நட்டுக்கொள்ளுங்கள். நான் நடாமல் இரண்டை உடைத்தேன். வெற்று நிலத்துக்கு 1,000 சதுர அடிக்கு 6 பவுண்டு விதை, புல் பாதி மிஞ்சியுள்ள இடத்துக்கு அதில் பாதி போதும். அடர்த்தியாகத் தூவினால் அழகாக வரும் என்று எண்ணிவிடாதீர்கள். நாற்றுகள் ஒன்றையொன்று நெருக்கி மெலிந்து, நோய்க்கு எளிதில் இரையாகும்.

விதைப் பையின் முன்பக்கப் படத்தைப் பார்க்காமல் பின்பக்கச் சீட்டைப் படியுங்கள். களை விதை, பிற பயிர் விதை ஆகிய இரண்டின் விழுக்காடும் பூச்சியத்தை ஒட்டி இருக்க வேண்டும். மலிவான பைகளில் பெரும்பாலும் கென்டக்கி 31 என்ற பழைய ரகம் இருக்கும். 1931-இல் கென்டக்கியின் மெனிஃபீ மாவட்டத்து மலைச்சரிவுப் பண்ணை ஒன்றில் கண்டெடுக்கப்பட்டு, 1943-இல் வெளியிடப்பட்ட அது அடிப்படையில் மேய்ச்சல் புல். கெட்டியான உயிர், ஆனால் இலை அகலமும் சொரசொரப்புமாக இருக்கும். புல்தரைக்கென்று பின்னர் உருவாக்கிய மெல்லிலை ரகங்களில் மூன்றைக் கலந்து விற்கும் பையை நான் வாங்குகிறேன். ஒரு ரகத்துக்கு வரும் நோய் மற்ற இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோகாது என்பதே காரணம்.

பதில் 2 – தோட்டக்காரி

ராலேவாசி அண்ணா சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் வட்டம் வட்டமாகப் பழுத்தது வெயிலால் மட்டும் இருக்காது. அது பெரும்பாலும் பிரவுன் பேட்ச் என்னும் பூஞ்சை நோய். இரவு வெப்பம் 68 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்காமல், இலையும் பத்து மணி நேரத்துக்கு மேல் ஈரமாகவே இருந்தால் அது பரவும். மாலை ஏழு மணிக்குத் தெளித்த தண்ணீர் விடியும்வரை காயாது. அதோடு ஜூனில் போட்ட தழைச்சத்து நோய்க்கு விருந்து வைத்தது போலாகிவிட்டது.

நாளைக் காலை பனி உலர்வதற்கு முன் வட்டத்தின் ஓரத்தில் குனிந்து பாருங்கள். சிலந்தி வலை போன்ற வெண்ணிழைகள் தெரியலாம். ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்தால், வைக்கோல் நிறப் புள்ளியைச் சுற்றிக் கரும்பழுப்புக் கரை கட்டியிருக்கும். அப்படி இருந்தால் நோய்தான். தினமும் கால் மணி நேரம் என்பதை நிறுத்திவிட்டு, வாரத்துக்கு மொத்தம் ஓர் அங்குலம் வருமாறு ஓரிரு முறை விடிகாலையில் ஆழமாகப் பாய்ச்சுங்கள். வெறும் டப்பா ஒன்றைப் புல்லில் வைத்து அளந்தால் போதும். கோடையில் உரம் கூடவே கூடாது. மார்ச் நடுப்பகுதியோடு உரப்பையைக் கட்டி வைத்துவிட வேண்டும்.

பதில் 3 – சார்லட் குமரன்

சற்று மாற்றுக் கருத்து. முற்றம் முழுவதும் நேர்வெயில் என்றால் ஃபெஸ்க்யூவை ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் ஒட்டுப்போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அது பெரும்பாலும் தூர் கட்டி வளரும் புல் என்பதால் செத்த இடத்தைத் தானாகப் படர்ந்து மூடாது. நான் இரண்டு ஆண்டுகளுக்கு முன் பெர்முடாவுக்கு மாறிவிட்டேன். அது வேறொன்றுமில்லை, நம் ஊர் அருகம்புல்தான். ஊரில் பிள்ளையாருக்குச் சாத்தும் அதே புல்லை, ஃபெஸ்க்யூ வளர்க்கிறவர்கள் இங்கே களை என்று மருந்தடித்துக் கொல்கிறார்கள். குளிர்காலத்தில் நான்கைந்து மாதங்கள் பழுப்பாகக் கிடக்கும் என்பதே அதன் குறை. நிழல் இருந்தால் அதை நினைக்கவே வேண்டாம்.

மறுமொழி – செம்மண்வாசி

மூவருக்கும் நன்றி. இன்று காலை குனிந்து பார்த்தேன். இழை தெரியவில்லை, ஆனால் இலைகளில் தோட்டக்காரி அம்மா சொன்ன அந்தக் கரும்பழுப்புக் கரை அப்படியே இருக்கிறது. வீட்டின் பின்புறம் இரண்டு பெரிய ஓக் மரங்கள் இருப்பதால் அருகம்புல் எனக்குச் சரிவராது. செப்டம்பரில் ஃபெஸ்க்யூவே விதைக்கிறேன். ஆனால் முன்புறத்தில் சாலையோரமாக அருகம்புல் ஏற்கெனவே படர்ந்து வருகிறது. அதை என்ன செய்வது? அக்டோபரில் ஓக் இலைகள் நாற்றின்மேல் கொட்டுமே, அதற்கு வழி உண்டா? உரக்கணக்கும் புரியவில்லை.

பதில் 4 – ராலேவாசி

அருகம்புல்லைப் பசுமையாக வளரும் இப்போதே கிளைஃபோசேட் என்னும் களைக்கொல்லியைத் தெளித்து அழியுங்கள். மூன்று நான்கு வாரம் கழித்து மீண்டும் துளிர்க்கும். அப்போது இன்னொரு முறை. கடைசித் தெளிப்புக்கு ஒரு வாரத்துக்குப் பின் விதைக்கலாம்.

உரம்: பையில் உள்ள மூன்று எண்களில் முதல் எண் தழைச்சத்தின் விழுக்காடு. 1,000 சதுர அடிக்கு ஒரு பவுண்டு தழைச்சத்து என்பது கணக்கு. 10-10-10 என்றால் 10 பவுண்டு, உங்கள் நிலம் முழுவதற்கும் 40 பவுண்டு. விதைக்கும்போது ஒரு முறை, நவம்பரில் ஒரு முறை, பிப்ரவரியில் அதில் பாதி. மணிச்சத்தும் சாம்பல்சத்தும் வேண்டுமா என்பதை மண் அறிக்கை வந்தபின் முடிவு செய்யுங்கள்.

முளைக்கும்வரை மேல்மண் காயாமல் நாளுக்கு இரண்டு மூன்று முறை லேசாகத் தெளித்து, முளைத்தபின் படிப்படியாகக் குறைத்து ஆழமாகப் பாய்ச்சுங்கள். நான்கு அங்குலம் வளர்ந்ததும் கூரான தகட்டால் மூன்று அங்குலத்துக்கு வெட்டலாம்; ஒரே வெட்டில் மூன்றிலொரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. ஓக் இலைகளை வாரியால் இழுத்தால் நாற்றும் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும். இலை ஊதும் கருவியைக் குறைந்த வேகத்தில் வைத்து இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை ஒதுக்குங்கள். ஈர இலை ஒரு வாரம் மூடிக் கிடந்தால் அடியில் இருப்பது வெளுத்துவிடும்.

வசந்த காலத்தில் கிராப்கிராஸ் என்னும் களைப்புல் முளைக்காதிருக்கத் தூவும் மருந்து ஃபெஸ்க்யூ விதையையும் முளைக்க விடாது என்பதால், மார்ச்சில் மருந்தும் விதையும் சேர்த்துப் போட நினைக்காதீர்கள். ஏரேட்டர் செப்டம்பர் வார இறுதிகளில் எளிதில் கிடைக்காது; நான் 14-ஆம் தேதிக்கு முழு நாள் வாடகை பேசியிருக்கிறேன். மதியத்துக்கு மேல் உங்களுக்கு வேண்டுமானால் சொல்லுங்கள், வாடகையைப் பாதிப்பாதியாகப் பகிர்ந்துகொள்ளலாம்.