3 அடித் தொட்டியில் கூலி, க்ளவுன், யோயோ லோச் மீன்கள் மூன்றும் சேர்ந்து இருக்குமா?

செந்தூல் தொட்டி:
எல்லோருக்கும் வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீடு, கூடத்தில் 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு தொட்டி வைத்திருக்கிறேன். இப்போது உள்ளே இருப்பவை, அடியில் வாழும் மீசை மீன்களான லோச் வகையில் கூலி லோச் 4, இரண்டு அங்குலத்தில் க்ளவுன் லோச் 3, யோயோ லோச் 1, மேலே நீந்த கொஞ்சம் ஹார்லக்வின் ராஸ்போரா. கீழே கருங்கல் சரளை, ஒரு மரக்கட்டை, ஜாவா ஃபெர்ன். மீன் வாங்கிய கடையில் "எல்லாம் லோச்தானே, ஒன்றாகவே போடலாம்" என்று சொன்னார்கள்.

பிரச்சினை என்னவென்றால் யோயோ க்ளவுன்களில் சின்னதான ஒன்றை விடாமல் துரத்துகிறது, சில நேரம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்று உரசிக்கொண்டே சுற்றுகின்றன, அப்போது இரண்டின் நிறமும் வெளுத்து சாம்பல் மாதிரி ஆகிவிடுகிறது, கொஞ்ச நேரத்தில் பழைய நிறம் திரும்பிவிடும். இது நோயா? கூலி நான்கும் கட்டைக்கு அடியிலேயே கிடக்கின்றன, விளக்கு அணைந்தால்தான் தலை தெரியும். சாயங்காலத்தில் தண்ணீர் 29 டிகிரி வரை போகிறது. பாறையில் ஒட்டிக்கொள்ளும் ஹில்ஸ்ட்ரீம் லோச் இரண்டு வாங்கவும் ஆசை இருக்கிறது. யாரை வைத்துக்கொள்ளலாம், யாரைக் கொடுத்துவிட வேண்டும்? எல்லாமே எனக்குப் பிடித்த மீன்கள்தான், ஆனால் அவை நிம்மதியாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

பிறை அக்கா:
தம்பி, முதலில் அந்த நிறம் வெளுப்பது நோய் இல்லை. க்ளவுன், யோயோ மாதிரி பொட்டியா வகை மீன்கள் யார் பெரியவர் என்று மோதிப் பார்க்கும்போது அப்படித்தான் வெளுக்கும், மோதல் முடிந்ததும் நிறம் வந்துவிடும். நாள் முழுக்க வெளுத்தே கிடந்தால், அல்லது ஒன்று மூலையில் ஒதுங்கிச் சாப்பிடாமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

"எல்லாம் லோச்தானே" என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்களிடம் இருப்பதும் நீங்கள் வாங்க நினைப்பதும் சேர்த்துப் பார்த்தால் மூன்று தனித்தனிக் குடும்பங்கள். கூலி ஒரு குடும்பம் (தமிழ்நாட்டில் குழம்பு வைப்பார்களே அயிரை, அதுவும் இந்தக் குடும்பம்தான்). க்ளவுனும் யோயோவும் இன்னொன்று. ஹில்ஸ்ட்ரீம் முற்றிலும் வேறு. குடும்பப் பெயரை விடவும் எந்தத் தண்ணீரிலிருந்து வந்தவை என்று பாருங்கள். கூலி வகைகள் நம் சதுப்புக் காடுகளிலும் மெதுவாக ஓடும் ஓடைகளிலும் இருப்பவை, தேநீர் நிறத் தண்ணீர், அடியில் மக்கிய இலை, மென்மையான மண். க்ளவுன் சுமத்ரா, போர்னியோ ஆறுகளின் மீன். யோயோ கங்கைப் பக்கம், வட இந்தியா, நேப்பாளம், வங்காளதேசம். இந்த மூன்றுக்கும் நம் வீட்டு வெப்பம் பெரிய தொல்லை இல்லை, நம் குழாய்த் தண்ணீரும் சுண்ணாம்பு குறைந்த மென்மையான தண்ணீர்தான், குளோரினை நீக்கும் ஆன்டி குளோரின் போட்டால் போதும். ஹில்ஸ்ட்ரீம் மட்டும் இந்தக் கணக்கில் வராது, அதைப் பற்றி, அதை வளர்க்கும் ஆயர் ஈத்தாம் அண்ணன் வந்து சொல்வார்.

உங்கள் தொட்டியில் தண்ணீரை விட எண்ணிக்கைதான் சரியில்லை. யோயோ ஒற்றையாக இருக்கிறது. அதற்குச் சொந்த வகையில் சண்டை போட ஆள் இல்லாததால் கிடைத்ததைத் துரத்துகிறது. இந்த மீன்களுக்குள் ஒரு வரிசை உண்டு, ஒரு தலைவி இருக்கும், அடுத்தது, அதற்கடுத்தது என்று. அந்த வரிசை அமைய ஒரே வகையில் ஐந்தாறு வேண்டும். அப்போது துரத்தல் எல்லோருக்கும் பங்காகப் போய்விடும், ஒரு மீன் மட்டும் அடி வாங்காது. ஒவ்வொரு வகையிலும் ஒன்றிரண்டு என்று சேர்ப்பதுதான் லோச்சுக்கு மிகக் கெடுதலான ஏற்பாடு. கூலி ஒளிந்து கிடப்பதற்கும் அதுவே காரணம், நான்கு போதாது, எட்டுப் பத்து ஆனால் பகலிலேயே வெளியே வரும்.

அப்புறம் சரளை. கூலி மணலை வாயில் எடுத்துச் செவுள் வழியாக வெளியே விட்டு உணவு தேடும், மணலுக்குள் புதையவும் செய்யும். கருங்கல் சரளையில் இரண்டுமே முடியாது, மீசை தேய்ந்து புண்ணாகும். அதைச் சலித்து எடுத்துவிட்டு மெல்லிய ஆற்று மணல் போடுங்கள், இரண்டு கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலையும் போடுங்கள். மாற்றத்தை நீங்களே பார்ப்பீர்கள்.

என் தீர்ப்பு: உங்கள் அளவுத் தொட்டிக்குக் கூலி மட்டும் இருக்கட்டும். க்ளவுனையும் யோயோவையும் பெரிய தொட்டி உள்ளவருக்குக் கொடுத்துவிடுங்கள். க்ளவுன் 30 சென்டிமீட்டர் வரை வளரும், 20 ஆண்டுக்கு மேல் வாழும். கடையில் இரண்டு அங்குலத்தில் பார்க்கும்போது இது யாருக்கும் தெரிவதில்லை, கடைக்காரரும் சொல்வதில்லை, எனக்கு இதில்தான் தீராத கோபம்.

ஷா ஆலம் ஆறடி:
அக்கா சொன்னதில் பெரும்பாலும் எனக்கும் சம்மதம், ஆனால் க்ளவுனும் யோயோவும் சேரவே சேராது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். என்னிடம் 6 அடி, 2 அடி, 2 அடித் தொட்டியில் க்ளவுன் கூட்டம், யோயோ கூட்டம், அதோடு ஸீப்ரா லோச் கூட்டம் மூன்றும் ஒன்றாகவே இருக்கின்றன. குட்டியாக இருக்கும்போது யோயோதான் ஆட்டம் போட்டது. க்ளவுன் உள்ளங்கை நீளத்துக்கு வந்த பிறகு யோயோ அடங்கிவிட்டது, இப்போது சாப்பாட்டு நேரத்தில் பெரிய க்ளவுன் "டக் டக்" என்று சத்தம் போட்டால் மற்றவை வழிவிடுகின்றன. அந்தச் சத்தம் கூடத்தின் மறுகோடி வரை கேட்கும். இந்தக் கலவை நடப்பதற்குக் காரணம் இடம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனியாகக் குகை, கட்டை, குழாய்த் துண்டு என்று மீன் எண்ணிக்கையை விட அதிகமாக ஒளிவிடம் போட்டிருக்கிறேன். லோச்சுக்கு உடல் இறுக்கமாகப் பொருந்துகிற பொந்துதான் பிடிக்கும், அகலமான குகையைத் திரும்பிப் பார்க்காது.

ஸீப்ரா பற்றி ஒரு வார்த்தை. அது மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆறுகளில் மட்டும் உள்ள மீன், காட்டில் அழியும் நிலையில் இருப்பதாகப் பட்டியலிடப்பட்டது. வாங்கினால் கூட்டமாக வாங்கிக் கடைசி வரை வளர்க்கிற எண்ணத்தோடு வாங்குங்கள், பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிற மீன் இல்லை அது.

செந்தூல் நண்பரே, க்ளவுன் மெதுவாகத்தான் வளரும், இன்றைக்கே கொடுக்க வேண்டும் என்று அவசரம் இல்லை. ஆனால் பெரிய தொட்டி வாங்கலாம் என்று யோசித்தால் தரையையும் யோசியுங்கள். என் தொட்டியில் தண்ணீர் மட்டும் ஏறத்தாழ 650 கிலோ, கண்ணாடி, மணல், மேசை எல்லாம் அதற்கு மேல். நான் தரை வீட்டில் இருக்கிறேன். அடுக்குமாடியில் இதை வைப்பதற்கு முன் கட்டட நிர்வாகத்திடம் கேட்டுவிட வேண்டும்.

கூலியைப் பெரிய க்ளவுனோடு வைப்பதை மட்டும் நானும் செய்வதில்லை. கடித்துத் தின்னும் என்று அல்ல, சாப்பாடு கூலிக்குப் போய்ச் சேராது. உணவு மாத்திரை அடியைத் தொடுவதற்குள் க்ளவுன் முடித்துவிடும்.

ஆயர் ஈத்தாம் ஓடை:
ஹில்ஸ்ட்ரீம் விஷயம் என் பக்கம் வந்துவிட்டதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். சரவாக், சபா மலை ஓடைகளில் இருக்கும் காஸ்ட்ரோமைசான் வகைதான் நான் வளர்ப்பது, அந்த இனம் முழுக்கப் போர்னியோவுக்கு மட்டுமே உரியது. கடையில் அதிகம் கிடைக்கும் வரி வரியான செவெல்லியா வியட்நாமிலிருந்து வருவது. எதுவானாலும் வாழ்க்கை ஒன்றுதான்: வேகமாக ஓடும் தெளிந்த தண்ணீர், வழுவழுப்பான கல், கல்லின் மேல் பாசிப் படலம். அந்த ஓட்டத்தில் பிடித்து நிற்கத்தான் அதன் துடுப்புகள் விரிந்து வயிற்றோடு சேர்ந்து உறிஞ்சி மாதிரி ஆகியிருக்கின்றன.

இதற்குத் தேவை ஆக்சிஜன். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், 30 டிகிரியில் ஏழரைதான். உங்கள் 29 டிகிரித் தொட்டியில், அதுவும் கூலிக்காக ஓட்டத்தைக் குறைத்து வைத்திருக்கும் தொட்டியில், இந்த மீனைப் போட்டால் அன்றைக்கே சாகாது, அதுதான் ஏமாற்றும். சில மாதம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும், வயிறு உள்ளே போய்க்கொண்டே இருக்கும், ஒரு நாள் காணாமல் போகும். "நன்றாகத்தானே இருந்தது" என்று எழுதுபவர்களை எத்தனை பேரைப் பார்த்துவிட்டேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

மின்விசிறி வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். விசிறி தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர்விக்கிறது. நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம், அதனால் காய்ந்த ஊர்களில் இறங்குகிற அளவுக்கு இங்கே இறங்காது. என்னிடம் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவி இருக்கிறது, 23 டிகிரியில் நிற்கிறது. தொட்டியின் ஒரு கோடியில் பம்பு, மறு கோடியில் உறிஞ்சும் ஸ்பாஞ்ச், இரண்டையும் அடியில் குழாயால் இணைத்து தண்ணீரை ஒரே திசையில் ஓட விடுகிறேன். உணவுக்கு, உருண்டைக் கற்களை வாளித் தண்ணீரில் போட்டுப் பால்கனி வெயிலில் வைத்துவிடுவேன், பச்சைப் படலம் பிடித்ததும் உள்ளே ஒரு கல், வெளியே ஒரு கல் என்று மாற்றுவேன். மாத்திரையை மட்டும் நம்பி இதை வளர்க்க முடியாது. இவ்வளவும் செய்ய முடிந்தால் தனித் தொட்டியில் வையுங்கள், இல்லாவிட்டால் தயவுசெய்து வாங்காதீர்கள்.

இதே காரணத்துக்காக டோஜோ லோச்சும் நமக்கு வேண்டாம், அது குளிர்ந்த தண்ணீருக்குப் பழகியது. டைகர் லோச் நம் தீபகற்பத்து ஆறுகளிலேயே இருக்கிறது, வெப்பம் ஒத்துப்போகும், ஆனால் குணம் முரடு, கூலி இருக்கும் தொட்டிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

செந்தூல் தொட்டி:
அக்கா, அண்ணன்மார்கள், எல்லோருக்கும் நன்றி. ஹில்ஸ்ட்ரீம் எண்ணத்தை விட்டுவிட்டேன். மணல் இந்த வாரமே மாற்றிவிடுகிறேன். க்ளவுனையும் யோயோவையும் ஷா ஆலம் அண்ணன் எடுத்துக்கொள்வாரா? இன்னும் இரண்டு கேள்வி. சின்ன க்ளவுன் நன்றாகச் சாப்பிடுகிறது, ஆனாலும் முதுகு கத்தி மாதிரி மெலிந்திருக்கிறது. துரத்தலாலா? அப்புறம், கூலியோடு பகலில் ஓடி ஆடுகிற ஒரு சின்ன லோச் வேண்டுமென்றால் எது?

பிறை அக்கா:
சாப்பிட்டும் மெலிந்தால் பெரும்பாலும் குடல் புழு. க்ளவுன் நிறைய ஆற்றிலிருந்தே பிடித்து வருபவை, இது அடிக்கடி பார்க்கிற விஷயம். லெவமிசோல் கலந்த புழு மருந்து இருக்கிறது, அளவை மீன் மருத்துவம் தெரிந்தவரிடம் கேட்டுக்கொண்டு தனித் தொட்டியில் கொடுங்கள். கூட இருந்த மற்றவற்றையும் கவனியுங்கள். இது குணமாகாமல் ஷா ஆலமுக்கு அனுப்பக் கூடாது, அங்கே இருக்கும் கூட்டத்துக்கும் போகும்.

மருந்து விஷயத்தில் இன்னொன்று. லோச்சுக்குச் செதில் மிகச் சிறியது, அல்லது இல்லவே இல்லை, மருந்து உடம்பில் சீக்கிரம் ஏறும். வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் முதலில் க்ளவுனில்தான் தெரியும். மலாக்கைட் பச்சை, தாமிரம் கலந்த மருந்தைப் பாட்டிலில் எழுதிய முழு அளவுக்கு ஊற்றிவிடாதீர்கள், பாதியில் தொடங்குங்கள். வெப்பத்தை 30 டிகிரிக்கு ஏற்றிச் சமாளிக்கலாம், அப்போது ஆயர் ஈத்தாம் அண்ணன் சொன்ன ஆக்சிஜன் கணக்கை நினைத்துக் காற்றுக் கல்லைக் கூடுதலாகப் போடுங்கள்.

கூலிக்குத் துணை என்றால் ட்வார்ஃப் செயின் லோச். ஐந்தாறு சென்டிமீட்டர்தான் வளரும், பகலில் கூட்டமாக நடுத் தண்ணீரிலும் நீந்தும், கூலியின் வெப்பமும் ஒத்துப்போகும். தாய்லாந்து மீன், காட்டில் மிகவும் அரிதாகிவிட்டது, கடைக்கு வருவது பண்ணையில் பெருக்கியவை. எட்டு வாங்குங்கள், குறைத்தால் இதுவும் ராஸ்போராவின் வாலைக் கடிக்கத் தொடங்கும். சின்ன இறால் வளர்க்கிற எண்ணம் இருந்தால் இதைத் தவிர்த்துவிடுங்கள். கூலியை முதலில் பத்தாக்கி, மணல் பழகிய பிறகு இதைக் கொண்டுவாருங்கள்.

ஷா ஆலம் ஆறடி:
தாராளமாக எடுத்துக்கொள்கிறேன், மருந்து முடிந்து வயிறு நிறைந்ததும் சொல்லுங்கள், நானே செந்தூல் வந்து வாங்கிக்கொள்கிறேன். இங்கே வந்ததும் சில வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கூட்டத்தில் விடுவேன்.

பிடிக்கும்போது வலை போடாதீர்கள். க்ளவுன், யோயோ இரண்டுக்கும் கண்ணுக்குக் கீழே மடங்கிய முள் இருக்கிறது, பயந்தால் விரித்துவிடும், வலையில் மாட்டினால் எடுப்பதற்குள் மீனும் காயப்படும், உங்கள் விரலும் கிழியும். அவை தூங்குகிற குழாயையோ குகையையோ தண்ணீருக்குள்ளேயே இரு பக்கமும் பொத்தி அப்படியே டப்பாவுக்கு மாற்றுங்கள். பையில் கொடுத்தால் முள் குத்தி ஓட்டை விழும், மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி நல்லது. கூலியை மேலும் வாங்குவதற்கு முன் ஃபில்டர் உறிஞ்சும் வாயில் ஸ்பாஞ்ச் மாட்டிவிடுங்கள், தொட்டி மூடியில் வயர் போகிற இடைவெளியையும் அடைத்துவிடுங்கள். கூலி பென்சில் தடிமன்கூட இல்லை, இரண்டு வழியாகவும் போய்விடும்.