பிரேக்கைத் தொட்டால் வண்டி நின்றுவிடுமா?

மிதிவண்டிப் பித்தன்:
பள்ளிக்குப் பாதுகாப்பான பாதை வேண்டும் என்ற பேச்சுக்கு, ஹெல்மெட் திரியில் நேற்று நம் ஸ்டியரிங் என்கிறவர் எழுதியதை அப்படியே எடுத்து ஒட்டுகிறேன். இல்லையென்றால் நான் அப்படிச் சொல்லவே இல்லை என்பார், பழைய அனுபவம். "பள்ளிக்கு நடந்து போக ஒரு பாதை, சைக்கிளுக்கு ஒரு பாதை என்பதெல்லாம் தண்டச் செலவு. இரண்டு பக்கமும் பார்த்துக் கடக்கப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள், போதும். இன்றைய வண்டி 50-ல் வந்தாலும் பிரேக்கைத் தொட்டால் நின்றுவிடும்."

தொட்டால் நின்றுவிடுமாம். அது என்ன காரா, தொட்டாற்சிணுங்கியா? பிரிட்டனின் சாலை விதிக் கையேட்டில் இருக்கிற கணக்கு இது: மணிக்கு 48 கிலோமீட்டரில் வருகிற கார் நிற்க 23 மீட்டர் வேண்டும், 32-ல் வந்தால் 12 மீட்டர். நடுவில் இருக்கிற அந்த 11 மீட்டருக்குள்தான் பிள்ளை நிற்கிறது.

ஸ்டியரிங்:
வந்துவிட்டார் ஐயா. நான் சொன்னது ஏபிஎஸ் பிரேக் உள்ள வண்டி. உங்கள் கையேட்டுக் கணக்கு நம் அப்பா காலத்துக் காருக்குப் போட்டது. 23 மீட்டரெல்லாம் இப்போது எந்த வண்டிக்கும் ஆகாது, சும்மா பயமுறுத்தாதீர்கள்.

மிதிவண்டிப் பித்தன்:
அந்த 23-ல் 9 மீட்டர் பிரேக்கே கிடையாது. கண் பார்த்து, மூளைக்கு உறைத்து, கால் பெடலுக்குப் போவதற்குள் வண்டி ஓடிவிடுகிற தூரம் அது. அதற்கும் ஒரு நொடிக்குக் குறைவாகத்தான் நேரம் வைத்திருக்கிறார்கள், போனைப் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறவருக்கு அது இன்னும் நீளும். ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், ஸ்டியரிங்கைத் திருப்ப முடியும், அவ்வளவுதான். மூளைக்கு யாரும் ஏபிஎஸ் மாட்டிவிடவில்லை.

வரைபடம்:
ஒரு நிமிடம். "பாதுகாப்பான பாதை" என்று நாம் எதைச் சொல்கிறோம்? வீட்டு வாசலிலிருந்து வகுப்பறை வரையா, பள்ளி கேட்டுக்கு முன்னால் இருக்கிற நூறு மீட்டர் மட்டுமா? டென்மார்க்கின் ஓடன்சே நகரத்தில் 1970-களில் இதைத் தொடங்கியபோது பள்ளிகளைச் சுற்றி எங்கெங்கே ஆபத்து என்று குறித்துக்கொண்டார்கள். அப்புறம்தான் நடைபாதை, சைக்கிள் பாதை, சாலையைக் குறுக்குவது, நடுவில் திட்டு கட்டுவது எல்லாம். நாம் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முடிவு செய்யாமல் மீட்டர் கணக்குப் போட்டால் எங்கே போய் முடியும்?

ஸ்டியரிங்:
வரைபடம் சார், டென்மார்க் இருக்கட்டும். 23 மீட்டர் என்பது தப்பு என்று ஒத்துக்கொள்ளச் சொல்லுங்கள் முதலில்.

பழைய சாக்பீஸ்:
எங்கள் காலத்தில் இத்தனை திட்டம் எல்லாம் கிடையாது. பையை மாட்டிக்கொண்டு நடந்தோம், வந்தோம். இன்றைக்குப் பிள்ளையை உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறார்கள், அப்புறம் அதற்கு ரோட்டைக் கடக்கத் தெரியவில்லை என்று புலம்புகிறார்கள்.

மிதிவண்டிப் பித்தன்:
வாத்தியார் ஐயா, உங்கள் காலத்தில் ரோட்டில் எத்தனை வண்டி ஓடியது? அமெரிக்காவில் 1969-ல் எட்டாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளில் 100-க்கு 48 பேர் நடந்தோ சைக்கிளிலோ பள்ளிக்குப் போனார்கள், 2009-ல் 13 பேர். அந்தப் பிள்ளைகளுக்குக் கால் சூம்பிப் போய்விட்டதா? பள்ளி தூரமாகப் போனது, வண்டி பெருகியது, ரோடு ஆபத்து என்று மற்றவர்களும் காரில் கொண்டுபோய் விட, அதனாலேயே ரோடு இன்னும் ஆபத்தானது. 5 வயதிலிருந்து 29 வயது வரை உள்ளவர்கள் சாவதற்கு முதல் காரணம் சாலை விபத்து என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நடந்தோம் வந்தோம் என்று சொல்ல வந்து சேர்ந்தவர்கள்தான் இருக்கிறார்கள், ஐயா.

பழைய சாக்பீஸ்:
பெயரில் மிதிவண்டி, பதிவு முழுக்க சைக்கிள். முதலில் தமிழைத் திருத்துங்கள் தம்பி.

மிதிவண்டிப் பித்தன்:
உங்கள் பெயரில் இருக்கிற சாக்பீஸ் சங்கத் தமிழா?

இரண்டு பிள்ளைகளின் அம்மா:
இரண்டு பக்கமும் பார்த்துக் கடக்கச் சொல்லுங்கள் என்கிறவர்கள் ஒருநாள் முட்டி போட்டு உட்கார்ந்து ரோட்டைப் பாருங்கள். என் சின்னவள் உயரம் ஒரு பெரிய காரின் பானெட் அளவுதான். பள்ளி வாசலில் வரிசையாக நிற்கிற வண்டிகளுக்கு நடுவிலிருந்து ரோட்டைப் பார்க்க அவள் ஒரு காலை பம்பருக்கு வெளியே வைத்தாக வேண்டும், அப்போதுதான் கழுத்தை நீட்ட முடியும். அதாவது பார்ப்பதற்கே ரோட்டில் இறங்கிவிடுகிறாள். அப்படி நிற்கிற வண்டிகள் யாருடையவை? பிள்ளையை விட வந்த நம்முடையவைதான். இத்தாலியில் போல்சானோ என்கிற ஊரில் 1980-களின் கடைசியிலேயே பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் வாசல் தெருவை வண்டிகளுக்கு மூட ஆரம்பித்துவிட்டார்கள். கொஞ்ச நேரம்தான், யாருக்கும் குடி முழுகிவிடாது.

ஸ்டியரிங்:
மேடம், நான்தான் வாசலில் வண்டியை நிறுத்துகிறேன் என்று குத்திக்காட்டுகிறீர்களா? என் மகன் பை எவ்வளவு கனம் தெரியுமா? தெருவை மூடினால் நான் எங்கே இறக்குவது?

இரண்டு பிள்ளைகளின் அம்மா:
உங்களை யார் சொன்னது? தொப்பி பொருந்தினால் போட்டுக்கொள்ளுங்கள்.

மிதிவண்டிப் பித்தன்:
நான்கு தெரு தள்ளி இறக்குங்கள். பெரியவர்கள் இரண்டு பேர் பத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரிசையாக நடக்கிற "நடைப் பேருந்து" பல நாடுகளில் நடக்கிறது, பை கனம் என்று அங்கே யாரும் அழவில்லை. பேச்சை மாற்றாதீர்கள், 23-க்கு வருகிறேன். 12 மீட்டர் தூரத்தில் ஒரு பிள்ளை குறுக்கே வருகிறது. 32-ல் வந்தவர் அதன் முன்னால் நின்றுவிடுகிறார். அதே இடத்தில் 48-ல் வந்தவர் என்ன ஆகிறார்? 9 மீட்டர் யோசிப்பதிலேயே போய்விட்டது, பிரேக்குக்கு 3 மீட்டர்தான் மிச்சம். பிள்ளையை இடிக்கும்போது வண்டி இன்னும் 40-க்கு மேலே ஓடிக்கொண்டிருக்கும். கொஞ்சம் வேகம் கூடினால் கொஞ்சம்தான் ஆபத்து கூடும் என்று நினைக்கிறீர்கள், கணக்கு அப்படி வேலை செய்யாது. நடக்கிறவர்களும் வண்டிகளும் கலக்கிற இடத்தில் 30-க்கு மேல் கூடாது என்று 2020-ல் சாலைப் பாதுகாப்புக்கான ஸ்டாக்ஹோம் உலக மாநாட்டுப் பிரகடனத்தில் எழுதினார்களே, வேலையில்லாமலா எழுதினார்கள்?

ஸ்டியரிங்:
நேற்று சாயங்காலம் காலி மைதானத்தில் நானே அளந்துவிட்டு வந்தேன். 50-ல் போய் பிரேக் போட்டேன், பத்து மீட்டரில் நின்றது. பத்து! 23 எங்கே, 10 எங்கே?

மிதிவண்டிப் பித்தன்:
எங்கிருந்து அளந்தீர்கள்?

ஸ்டியரிங்:
பிரேக்கை மிதித்த இடத்திலிருந்து. வேறு எங்கிருந்து அளப்பார்கள்?

மிதிவண்டிப் பித்தன்:
அதானே பார்த்தேன். காய்ந்த தரை, ஆள் இல்லாத மைதானம், எப்போது மிதிக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்த ஓட்டுநர். சரி, உங்கள் 10-ஐயே வைத்துக்கொள்வோம், என் 9-ஐக் கூட்டுங்கள். 19. பிள்ளை 12-ல் நிற்கிறது.

வரைபடம்:
நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. கேட்டுக்கு முன்னால் மட்டும் 30 என்று பலகை வைத்துவிட்டு அதற்கு முந்தைய சந்திப்பை விட்டுவிட்டால்

பழைய சாக்பீஸ்:
வாக்கியத்தை முடியுங்கள் தம்பி.

ஸ்டியரிங்:
10 என்பதை ஒத்துக்கொண்டாரே, அது போதும் எனக்கு. ஹெல்மெட் திரியிலும் கடைசியில் இப்படித்தான் வழிக்கு வந்தார். ஏபிஎஸ் உள்ள வண்டி என்று நான் முதலிலேயே தெளிவாகச் சொல்லியிருந்தேன்.

மிதிவண்டிப் பித்தன்:
சொல்லவில்லை. மேலே ஒட்டியிருக்கிறேன், போய்ப் படியுங்கள்.