கார் செட்டுக் கதவு பனியில தரையோட ஒட்டிக்கறதுக்குத் தமிழ்ல என்னங்க? (அவசரம்)

பொள்ளாச்சிக்காரன்:
எல்லாருக்கும் வணக்கமுங்க. கனடாவுக்குப் போற கதவு மோட்டார் கையேடு ஒன்னு மொழிபெயர்க்க வந்திருக்குது, வெள்ளிக்கெழம பொழுதோட குடுத்தாகணும். கார்ல அப்பியிருக்கற பனி உருகி வாசல்ல தேங்கி, ராத்திரி 0 டிகிரிக்குக் கீழ போனதும் கதவோட அடி ரப்பரும் சிமெண்டுத் தரையும் ஒன்னா இறுகிக்குது. அதுக்கு ஒரே சொல்லு வேணும். "தரையோடு ஒட்டி உறைதல்"னு போட்டுப் பாத்தேன், மூச்சு வாங்குது. கேரேஜுன்னு எழுதுனா நம்மூர்ல மெக்கானிக் பட்டறைன்னுதான் நெனப்பாங்க, அதனால கார் செட்டுன்னு போட்டுட்டேன், அதுல யாரும் கை வெக்காதீங்க.

பவானி வாத்தியார்:
தம்பி, உறையொட்டு. பாலுக்கு ஒறை ஊத்தறோமே, அதே உறைதான், இளகுனது இறுகறது. பனின்னா பழைய தமிழ்ல ஐஸ் இல்ல, குளிரு, நடுக்கம், பனித்தல்னாலே நடுங்கறது. அதனால பனியில ஆரம்பிக்கற எந்தச் சொல்லையும் நான் ஒத்துக்க மாட்டேன்.

ஈரோட்டுத் தம்பி:
ஐயா, உறையறதுன்னா தங்கறதும்தானுங்களே, "வானுறையும் தெய்வத்துள்"னு 50ஆம் குறள்ல வருது. கதவு தரையில உறையுதுன்னா குடி வந்துட்ட மாதிரி இருக்குதுங்க. உறையொட்டுன்னு சத்தமாப் படிச்சேன், தலகாணி உறைக்கு ஒட்டுப் போடறதான்னு எங்கூட்டுல கேக்கறாங்க.

டொராண்டோவில் ஒரு கோபிக்காரி:
இங்க நாங்க "கதவு பிடிச்சுக்கிச்சு"ன்னுதானுங்ண்ணா சொல்லுவோம். மொத வருசம் வெவரம் தெரியாம ரிமோட்டத் திருப்பித் திருப்பி அமுக்கப் போயி, கதவு மேல போச்சு, ரப்பர் ஒரு சாண் கிழிஞ்சு தரையிலயே நின்னுக்கிச்சு. சுடுதண்ணி ஊத்துனா விடும், ஆனா ஒடனே தொடைக்கலீன்னா அந்தத் தண்ணியே மறுக்கா கட்டியாயிரும். இப்பெல்லாம் ராத்திரி தண்ணிய வழிச்சுத் தள்ளீட்டு, காஞ்ச ரப்பர்ல சிலிக்கான் ஸ்ப்ரே அடிச்சு உட்டுர்றோம். கிரீஸ் வேண்டாமுங்க, ரப்பர் ஊதிப் போயிரும். உப்புப் போட்டா எளகுந்தான், சிமெண்டும் சேந்து பொரிஞ்சுரும். அப்பறம் "ஒட்டு"ன்னு போட்டா கோந்துன்னு நெனச்சுக்குவாங்க.

பவானி வாத்தியார்:
குளிர்ல நடுங்குதுன்னு மயிலுக்குப் போர்வை குடுத்த பேகன் நம்ம பழனிப் பக்கத்தான். அடி ரப்பருக்கு "அடிப்போர்வை"ன்னு வெச்சா என்ன?

பொள்ளாச்சிக்காரன்:
ஐயா, வியாழக்கெழம ஆயிப்போச்சுங்க.

திருப்பூர்க்காரர்:
ஏனுங்க, பழைய ஃபிரிட்ஜுல ஐஸ் டிரே பிடிச்சுக்கிட்டு வரமாட்டேங்குமே, அது தெரியாத வூடு இருக்குதா? தங்கச்சி சொன்ன மாதிரி "பிடி"யே போதும். பனிப்பிடி. இன்னொரு வேல, அடி ரப்பர் அடி ரப்பராவே இருக்கட்டும்.

ஈரோட்டுத் தம்பி:
நெம்பச் சரிங்க. "பனிப்பிடிக்காமல் தடுக்க"ன்னு வினையாவும் நீட்டிக்கலாம்.

பவானி வாத்தியார்:
சளி பிடிச்ச மாதிரி இருக்குது. அதுவும் போக, பிடின்னா சங்கத்துல பெண்யானை. பனிப்பிடின்னா பனியில நிக்கற பெண்யானை. கையேட்டுல யானை எதுக்கு?

டொராண்டோவில் ஒரு கோபிக்காரி:
யானைன்னே வெச்சுக்கங்கய்யா. வேலைக்கு நேரமாச்சுன்னு காலைல அந்தக் கதவத் தூக்கிப் பாத்தா அப்படித்தான் இருக்குது.

பொள்ளாச்சிக்காரன்:
அனுப்பிட்டனுங்க. நாங்க நாலு பேரும் பனிப்பிடின்னோம், மிச்சப் பேரு வாயே தொறக்கல. மொத எடத்துல மட்டும் "கதவின் அடி ரப்பர் தரையோடு உறைந்து பிடித்துக்கொள்வது"ன்னு வெளக்கம் போட்டிருக்கறேன், ஐயாவுக்காக.

பவானி வாத்தியார்:
வெளக்கத்துல உறைய உட்டுட்டுத் தலைப்புல யானையக் கட்டிட்டீங்க, என் எதிர்ப்பு இருக்கட்டும். அதென்ன கார் செட்டு? கொட்டகைன்னு ஒரு சொல்லு இருக்குதே தம்பி?