புதுப்பிப்பு: மாமாவின் பழைய டிரில் ஓடுகிறது

மாமாவின் பட்டறையில் கிடந்த அலுமினிய உடம்பு டிரில், சுவிட்சை அழுத்தினால் நீலமாகப் பொறி தள்ளி நின்றுவிடுகிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். ஆர்மேச்சர் (மோட்டாரில் சுழலும், காயில் சுற்றிய பகுதி) எரிந்திருக்கும், தூக்கிப் போடுங்கள் என்றுதான் பலர் சொன்னீர்கள். காயில் எரியவே இல்லை!

கோளாறு கம்யூட்டேட்டரில், அதாவது ஆர்மேச்சருக்குக் கரண்ட் போகும் செம்பு வளையத்தில். செம்புப் பட்டைகள் தேய்ந்து, இடையில் இருக்கும் மைக்கா (கரண்ட் கடத்தாத மெல்லிய தகடு) மேலே துருத்திக்கொண்டிருந்தது. வளையத்தில் உரசிக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் அதில் தட்டித் தட்டித் துள்ளியதால்தான் அவ்வளவு பொறி. ஹாக்ஸா பிளேடுத் துண்டை ஓரம் தேய்த்து மெலிதாக்கி, பட்டைக்குப் பட்டை மைக்காவைச் சுரண்டி இறக்கினேன். நகத்தை ஓட்டினால் செம்பின் விளிம்பு மட்டும்தான் தட்டுப்பட வேண்டும். அப்புறம் மெல்லிய மணல் தாள். எமரி தாள் வேண்டாம், அதன் துகள் கரண்ட் கடத்தக்கூடியது. கார்பன் பிரஷ், 6201 பேரிங் புதிது. கியர் பெட்டியில் மெழுகாக இறுகியிருந்த கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவிப் புதிதாக வைத்தேன்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: இது உலோக உடம்பு. பழைய இரண்டு கம்பி ஒயரோடு ஓட்டாதீர்கள். மூன்று கம்பி ஒயர் போட்டு, எர்த்தை உடம்போடு திருகி இறுக்கிய பிறகே பிளக்கில் சொருகினேன்.

தேக்கில் 10 மி.மீ. துளை திணறாமல் போடுகிறது. பிட்டைப் பிடிக்கும் சக் மட்டும் கொஞ்சம் ஆடுகிறது. அடுத்து அதைப் பார்க்க வேண்டும்.