பெரிய வீட்டுக் குழு: கூடத்தில் எத்தனை ஆணி?

வியாழன், காலை 7:42

முருகேசன்: கூடத்துக்குப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மீனாவைப் பார்க்க வருகிறார்கள். இனிமேல் சுவரில் முருகன், அப்பா, அம்மா மட்டும்தான். மூன்றே ஆணி.

வள்ளி: காமராஜர்?

முருகேசன்: கரையான் அரித்துவிட்டது அக்கா.

வள்ளி: சரி.

கார்த்திக்: சித்தப்பா, நீங்கள் அனுப்பிய போட்டோவில் திண்ணை ஓரம் ஒரு படம் சாய்ந்திருக்கிறதே, வெள்ளை முடித் தாத்தா. அவர் யார்? நம் சொந்தமா?

அனிதா: விரல்கள் ஏன் அப்படிக் கோணலாக இருக்கின்றன?

முருகேசன்: கண் டாக்டர். அப்பா பேப்பரில் வெட்டிச் சட்டம் போட்டது. பெயின்டர் கை பட்டுக் கண்ணாடி உடைந்துவிட்டது.

வள்ளி: பெயின்டர் கையா, உன் கையா?

முருகேசன்: பெயின்டர் கை.

சங்கரலிங்கம்: முருகேசா, அந்தப் படத்தைப் பரணில் எறிந்துவிடாதே. கார்த்திக், அனிதா, பொறுமையாகப் படிக்கவும். அவர் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவர். வேற்றூர்க்காரர் அல்ல, நம் எட்டயபுரம் பக்கம் வடமலாபுரம். 1918 அக்டோபர் 1 அன்று பிறந்தார். விவசாயக் குடும்பம். ஆற்று மணலைப் பரப்பி அதில் எழுதிப் படித்த தலைமுறை. உறவுப் பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்து வளர்ந்தவர், அதனால் பிரசவ டாக்டராக வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டார். சென்னை ஸ்டான்லியில் 1944இல் பட்டம் வாங்கி ராணுவத்தில் டாக்டராகச் சேர்ந்தார். அங்கேதான் முடக்குவாதம் வந்தது. மாதக்கணக்கில் படுக்கை. எழுந்தபோது விரல்கள் இப்படி முறுக்கிக்கொண்டுவிட்டன. பேனாகூடப் பிடிக்க முடியவில்லை. பிரசவம் பார்க்கும் கனவு அதோடு போயிற்று.

கார்த்திக்: பெரியப்பா, இது முதல் பாகமா?

சங்கரலிங்கம்: ஆமாம். தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்.

செல்வி: யாராவது ஞாயிற்றுக்கிழமைக்குக் கேசரியா, சொஜ்ஜியா என்று முதலில் சொல்லுங்கள். ரவை வாங்க வேண்டும்.

வள்ளி: இரண்டும் ரவைதானே செல்வி.

செல்வி: அளவு வேறு மதினி.

சங்கரலிங்கம்: கண் மருத்துவத்துக்கு மாறினார். அந்தக் கோணல் விரல்களுக்குத் தோதாகக் கருவிகளை அமைத்துக்கொண்டு, பிடித்துப் பிடித்துப் பழகினார். கண்புரை அறுவை என்பது மயிரிழை வேலை. நேரான விரல் உள்ளவனுக்கே கை நடுங்கும். இவர் தம் காலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களுக்கு அறுவை செய்தார். 1973இல் பத்மஸ்ரீ. அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு. நான் ஓய்வு பெற்றதும் சாய்வு நாற்காலி வாங்கினேன், அவர் 1976இல் 11 படுக்கைகளோடு ஆஸ்பத்திரி தொடங்கினார். வீட்டை அடமானம் வைத்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி தங்கைகளையும் அவர்கள் குடும்பத்து டாக்டர்களையும் அந்த வேலையில் சேர்த்துக்கொண்டார்.

வள்ளி: கூடப் பிறந்தவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் வேலை செய்தார்கள். இங்கே ஒரு கிணற்றில் மூன்று பேர் தண்ணீர் இறைக்க முடியவில்லை.

முருகேசன்: கிணற்று விஷயத்தை இந்தக் குழுவில் பேச வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

வள்ளி: முடிவு செய்தது நீ.

அனிதா: பெரியப்பா, ஏழைகளுக்கு இலவசம் என்றால் கட்டுப்படியாகுமா?

சங்கரலிங்கம்: நல்ல கேள்வி. காசு கட்டுகிறவர் தரும் பணத்தில்தான் கட்ட முடியாதவருக்கும் அறுவை நடக்கிறது. ஒருவருக்கு முடிவதற்குள் பக்கத்து மேசையில் அடுத்தவர் தயாராக இருப்பார், டாக்டர் அப்படியே திரும்பிக்கொள்வார், நேரம் வீணாகாது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை வெளிநாட்டிலிருந்து வாங்கிக் கட்டுப்படியாகாமல், 1992இல் மதுரையிலேயே ஆரோலேப் என்று தொடங்கிச் செய்யவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

முருகேசன்: போன வருஷம் நான் காசு கட்டி வைத்துக்கொண்டேன். அம்மாவுக்கு அன்று காசே வாங்கவில்லை.

கார்த்திக்: 2018 அக்டோபர் 1 அன்று கூகுள் முகப்பில் இவரைப் பார்த்திருக்கிறேன். நம் கூடத்தில் இருப்பவர் என்று தெரியாமல் போயிற்று.

மீனா: ஆச்சிக்கு எப்போது ஆபரேஷன் நடந்தது?

வள்ளி: 1984. பருத்தி எடுக்கிற சமயம். பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார்கள். பார்த்த அன்றே பஸ்ஸில் ஏற்றி மதுரைக்குக் கூட்டிப் போனார்கள். துணைக்குப் போனது நான். அப்போது எனக்குப் பதினேழு வயது. பெரிய அண்ணன் தஞ்சாவூரில் இருந்தார், லீவு கிடைக்கவில்லையாம்.

சங்கரலிங்கம்: தேர்வு நேரம் வள்ளி. நாற்பது வருஷமாகச் சொல்கிறாய்.

வள்ளி: சொல்லத்தான் செய்வேன். அப்போது லென்ஸ் கிடையாது, சோடாபுட்டிக் கண்ணாடிதான். அம்மா அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் அடுக்களைக்குள் போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தாள். “இவ்வளவு கரியா பிடித்திருக்கிறது? இத்தனை நாளும் இதிலேயா சமைத்தேன்?” என்றாள். அன்றைக்கே சுண்ணாம்பு கலக்கச் சொன்னாள். அரிசியில் கல் பொறுக்குகிற வேலையையும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

செல்வி: அந்தக் கண்ணாடியோடுதான் என் கல்யாணத்தில் புடவைச் சாயம் போகுமா என்று பார்த்தார்கள்.

வள்ளி: போயிற்றே.

செல்வி: அது எங்கள் வீட்டுப் புடவை இல்லை மதினி.

அனிதா: தாத்தா ஏன் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்?

முருகேசன்: அது அக்காவுக்குத்தான் தெரியும்.

வள்ளி: முகாமுக்குக் கூட்டிப் போகக் கேட்டபோது அப்பாதான் மறுத்தார். “அடுப்படியில் கிடப்பவளுக்கு இந்தக் கண் போதும்” என்றார். நான் சொல்லாமல் கூட்டிப் போனேன். அவர் எட்டு நாள் என்னோடு பேசவில்லை. டாக்டர் 2006 ஜூலையில் இறந்தார். பேப்பரில் வந்த படத்தை அப்பா தாமே வெட்டிக் கோவில்பட்டிக்குக் கொண்டுபோய்ச் சட்டம் போட்டுவந்தார். எதற்கு என்று யாரிடமும் சொல்லவில்லை.

சங்கரலிங்கம்: இது எனக்குத் தெரியாது.

வள்ளி: தஞ்சாவூரில் இருந்தால் எப்படித் தெரியும்?

மீனா: அப்பா, அதையும் மாட்டுங்கள். வருகிறவர்கள் சம்பளத்தைத் தவிர வேறு எதையாவது கேட்கட்டும்.

முருகேசன்: இன்னொரு ஆணி அடித்தால் பட்டி பெயரும்.

கார்த்திக்: ஆணியில்லாமல் ஒட்டுகிற கொக்கி கிடைக்கிறது சித்தப்பா.

முருகேசன்: அந்தக் கனத்தை அது தாங்காது. கண்ணாடி மாற்றக் கடைக்குப் போன் செய்தேன், வெள்ளிக்கிழமை மதியம் வரை திறக்க மாட்டானாம். பணம் யார் தருவது?

வள்ளி: கை பட்டவர்.

சங்கரலிங்கம்: நான் தருகிறேன்.

செல்வி: அப்படியானால் கேசரிதானே?

முருகேசன்: நீளம் அகலம் கேட்கிறான். அளவு நாடா எங்கே?

செல்வி: தையல் மிஷின் இழுப்பறையில்.

முருகேசன்: இல்லை. ஊசி நூல்தான் இருக்கிறது.