கால்வாயில் கண்ணிகள் குறையவே இல்லை – உதவி தேவை

கரைதேடி: ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4 என்ற இரண்டாம் உலகப்போர்க் கணினி விளையாட்டில் ஜெர்மனியாக ஆடுகிறேன். பிரான்ஸ் வீழ்ந்துவிட்டது, பிரிட்டனில் இறங்க 14 டிவிஷன்கள் (தரைப்படைப் பிரிவுகள்) கப்பலேறக் காத்திருக்கின்றன. ஆனால் ஆங்கிலக் கால்வாயில் கடல் ஆதிக்கம் அதற்குத் தேவையான 50 சதவீதத்தைத் தொட மறுக்கிறது. பிரிட்டன் அங்கே கடற்கண்ணிகளை, அதாவது கப்பல் நெருங்கினால் வெடிக்கும் குண்டுகளை, விதைத்து வைத்திருக்கிறது. அவற்றை அகற்ற டெஸ்ட்ராயர்களை (சிறிய, வேகமான போர்க்கப்பல்கள்) அனுப்பி மூன்று மாதங்கள் ஆகியும் பெரிய மாற்றம் இல்லை. போர் எதுவும் நடக்காமலேயே ஒரு கப்பல் மூழ்கியும்விட்டது. என்ன செய்யலாம்? விரைந்து சொல்லுங்கள்.

நங்கூரம்: எந்தப் பதிப்பு? எத்தனை டெஸ்ட்ராயர்கள்? அவற்றை நீங்களே வடிவமைத்தீர்களா, தொடக்கத்தில் கிடைத்தவையா? ஒரே படைக்கு எத்தனை கடற்பகுதிகளை ஒதுக்கியிருக்கிறீர்கள்? இவை தெரியாமல் சொல்வதெல்லாம் ஊகமாகத்தான் இருக்கும்.

பழைய திசைகாட்டி: கண்ணிகளே 2019இல் வந்த மேன் த கன்ஸ் விரிவாக்கத்தோடுதான் விளையாட்டுக்குள் நுழைந்தன. ஆகவே அது உங்களிடம் இருக்கிறது, அதன் விளக்கங்களைத்தான் நீங்கள் படிக்கவில்லை. டெஸ்ட்ராயர் என்று பெயர் வைத்துவிட்டால் கண்ணி அகன்றுவிடாது; கண்ணி அகற்றும் கருவியைக் கப்பலில் பொருத்தியிருக்க வேண்டும். இதே பதிலை இங்கே எத்தனையாவது முறையாக எழுதுகிறேன் என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

அலைவரிசை: கருவி இருந்தாலும் பயனில்லாமல் போகலாம். நீங்கள் பகலில் அள்ளுவதை எதிரியின் நீர்மூழ்கிகள் இரவில் மீண்டும் நிரப்பிக்கொண்டிருந்தால், ஓட்டை வாளியில் நீர் இறைப்பதுபோலத்தான். முதலில் கண்ணி இடும் கப்பல்களைத் தேடிப்பிடித்து மூழ்கடியுங்கள். எனக்கு அப்படித்தான் தீர்ந்தது.

நீலக்கடல்: டீகாஸிங், அதாவது கப்பலின் காந்தப்புலத்தை அடக்கும் ஆராய்ச்சியை முடித்தீர்களா? அது கண்ணிகளின் பாதிப்பைக் குறைக்கும். 1939 நவம்பரில் ஷூபரினெஸ் சேற்றுக் கரையில் கிடைத்த ஜெர்மானியக் காந்தக் கண்ணியை (கப்பலின் காந்தப்புலத்தால் வெடிப்பது) பிரிட்டிஷ் கடற்படையினர் பிரித்துப் பார்த்து, அது வேலைசெய்யும் விதத்தை அறிந்த பிறகே, கப்பல்களைச் சுற்றி மின்கம்பி கட்டி அவற்றின் காந்தப்புலத்தை அடக்கும் முறை பரவலானது. முதலில் அந்த ஆராய்ச்சி, பிறகு மற்றவை.

நங்கூரம்: டீகாஸிங் உங்கள் கப்பலைக் காக்குமே தவிர, ஒரு கண்ணியைக்கூட எடுக்காது. உண்மைப் போரிலும், மோதினால் வெடிக்கும் கண்ணிகளுக்கு அதனால் எந்தப் பாதிப்பும் இல்லை. கண்ணியைக் கடலடியோடு பிணைக்கும் நங்கூரக் கம்பியை, கப்பல் இழுத்துச் செல்லும் இழுவைக் கம்பியால் அறுத்து, மேலே மிதந்து வரும் கண்ணியைத் துப்பாக்கியால் சுட்டு அழிப்பதே அன்றைய வழக்கம்.

பழைய திசைகாட்டி: இழுவைக் கம்பி பற்றிப் பேசுபவர்கள் 1915இல் துருக்கியின் டார்டனெல்ஸ் நீரிணையில் பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கடற்படைகள் நடத்திய தாக்குதலை மறக்கக்கூடாது. கண்ணியைச் சரியாக அள்ளாததால்தான் மார்ச் 18 அன்று பூவே, இர்ரெசிஸ்டபிள், ஓஷன் ஆகிய மூன்று போர்க்கப்பல்கள் போயின.

அலைவரிசை: அது பாதி உண்மை. நுஸ்ரத் என்ற சிறிய துருக்கியக் கப்பல் மார்ச் 8 அதிகாலையில் இட்ட 26 கண்ணிகள், மற்ற வரிசைகளைப்போல் நீரிணைக்குக் குறுக்கே இல்லாமல் கரைக்கு இணையாக இருந்ததால்தான் அவை கண்ணில் படவில்லை. அள்ளப் போனவையோ மீன்பிடிப் படகுகள். எதிர்நீரோட்டத்தில் திணறிக்கொண்டு, தேடுவிளக்கு வெளிச்சத்தில் கரைப் பீரங்கிகளின் குண்டுகளையும் வாங்கின. அந்தப் பீரங்கிகளை அடக்காமல் படகுகளை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

பழைய திசைகாட்டி: நான் யாரையும் குறை சொல்லவில்லை; விளைவைச் சொன்னேன்.

நங்கூரம்: இருவரும் சொல்வது கரைதேடிக்குப் பயன்படும் இடம் ஒன்று இருக்கிறது. அகற்றும் கப்பல்களைத் தனிப் பிரிவாகப் பிரித்து, சண்டையில் இறங்க வேண்டாம் என்று அமையுங்கள். கால்வாய் ஒன்றை மட்டுமே ஒதுக்குங்கள். பெரிய கப்பல்களை அருகிலுள்ள துறைமுகத்தில் தாக்குதல் படையாகக் காத்திருக்க வையுங்கள், இல்லையென்றால் அந்தப் படகுகளின் கதிதான் உங்களுக்கும். கூடவே நீங்களும் அங்கே கண்ணி இடலாம், அது உங்கள் ஆதிக்கக் கணக்கில் சேரும். எரிபொருள் இருப்பையும் பாருங்கள்.

நீலக்கடல்: கரைதேடி இன்னும் ஒரு கேள்விக்கும் பதில் சொல்லவில்லை என்பதை யாராவது கவனித்தீர்களா?

*(இரண்டு நாட்களுக்குப் பிறகு)*

கரைதேடி: தாமதத்திற்கு மன்னிக்கவும். 12 டெஸ்ட்ராயர்களில் 2இல் மட்டுமே அந்தக் கருவி இருந்தது, அந்தப் படைக்கு ஐந்து கடற்பகுதிகளை வேறு ஒதுக்கியிருந்தேன். ஆறு கப்பல்களைக் கப்பல் கட்டும் தளத்துக்கு அனுப்பி மாற்றியமைத்தேன். இப்போது குறைந்து வருகிறது. நன்றி.

அலைவரிசை: எதிரி நீர்மூழ்கிகள் இருந்தனவா, இல்லையா?