கைவேலையால் பொருத்தப்பட்ட பிஸ்டலுக்குப் பல மடங்கு விலை கொடுப்பது தகுமா?

கேள்வி: வெள்ளவத்தை வாசகன்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். கொழும்பிலுள்ள துப்பாக்கி சுடுதல் கழகமொன்றில் 10 மீற்றர் காற்றழுத்த பிஸ்டலில் பயிற்சி பெற்று வருகின்றேன். கழகத்துக்குச் சொந்தமான 9 மில்லிமீற்றர் பிஸ்டலையும் பயிற்றுநரின் மேற்பார்வையில் அவ்வப்போது பயன்படுத்தியிருக்கின்றேன்.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் வசிக்கும் என் அண்ணன், கடதாசி இலக்குகளைச் சுடும் பொழுதுபோக்குக்காக 1911 வகைப் பிஸ்டல் ஒன்றை வாங்க எண்ணியிருக்கின்றார். தொழிற்சாலையிலிருந்து அப்படியே வரும் பிஸ்டல் 1000 டொலருக்குள் கிடைக்கின்றது. அதே வடிவத்தைக் கைவினைஞர்கள் ஒவ்வொரு பாகமாக அராவிப் பொருத்தித் தருவதற்கோ 4000 டொலருக்கு மேல் கேட்கின்றார்கள்; மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டுமாம். இந்த வேறுபாடு இலக்கில் உண்மையிலேயே தெரியுமா, அல்லது வெறும் பெருமைக்கான விலையா என்று அவர் என்னிடம் கேட்கின்றார்.

எனக்கும் இதே கேள்வி இன்னொரு வகையில் உண்டு. எதிர்காலத்தில் கழகத்தின் ஊடாகச் சொந்தமாக ஒரு போட்டிப் பிஸ்டலுக்கு விண்ணப்பிப்பதாயின், எனக்கென்று செய்விக்கப்பட்டதை நாடுவது பொருத்தமா? விளையாட்டை மட்டுமே கருத்திற்கொண்டு பதிலளிக்குமாறு கேட்டுக்கொள்கின்றேன். தற்பாதுகாப்பு பற்றிய விவாதம் இங்கே வேண்டாம்.

பதில் 1: தெஹிவளைக்காரன்

உங்கள் அண்ணனின் கேள்விக்கு விடை காண, அந்தப் பிஸ்டல் எதற்காக வடிவமைக்கப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஜோன் பிரவுனிங் வடிவமைத்து 1911 மார்ச் மாதத்தில் அமெரிக்க இராணுவம் ஏற்றுக்கொண்ட அந்தப் பிஸ்டலிடம் எவரும் துல்லியத்தின் உச்சத்தை எதிர்பார்க்கவில்லை. சேறும் மணலும் படிந்தாலும் இயங்க வேண்டும், ஒரு தொழிற்சாலையில் செய்த உதிரிப்பாகம் இன்னொரு தொழிற்சாலையில் செய்த பிஸ்டலிலும் அராவாமலே பொருந்த வேண்டும் என்பவையே அன்றைய தேவைகள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கோல்ட் நிறுவனத்தோடு ரெமிங்டன் ராண்ட் என்ற தட்டச்சு இயந்திர நிறுவனமும், ரயில்வே சமிக்ஞைக் கருவிகள் செய்த நிறுவனமொன்றும், நம் வீடுகளில் தையல் இயந்திரத்தின் பெயராகவே அறியப்பட்ட சிங்கரும்கூட அதைச் செய்தன. (சிங்கர் செய்தவை 500 மட்டுமே என்பதால், இன்று சேகரிப்பாளர்கள் அவற்றுக்குக் கொடுக்கும் விலையின் முன்னால் உங்கள் அண்ணனின் 4000 டொலர் ஒரு பொருட்டே அல்ல.) எவர் செய்த பாகமும் எவருடைய பிஸ்டலிலும் ஏற வேண்டுமானால் பாகங்களுக்கிடையிலான இடைவெளி சற்றுத் தாராளமாகவே இருந்தாக வேண்டும். அந்த இடைவெளியை ஒருவர் பட்டறையில் அமர்ந்து, அராவி, சோதித்து, மீண்டும் அராவி ஒடுக்குகின்றார் அல்லவா? மேலதிகமாகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி அவருடைய நேரத்துக்கான கூலியே.

இனி, அந்தக் கூலியால் என்ன கிடைக்கின்றது என்று பார்ப்போம். இந்த வகைப் பிஸ்டலில் குறிகாட்டிகள் இரண்டும் மேலே முன்பின் நகரும் ஸ்லைடில் பொருத்தப்பட்டுள்ளன. குழலோ அதற்குள் இருக்கும் தனிப் பாகம். ஒவ்வொரு முறை சுட்டதும் குழல் பூட்டு விலகித் தாழ்ந்து மீண்டும் எழுந்து பூட்டிக்கொள்கின்றது. அவ்வாறு பூட்டிக்கொள்ளும்போது ஸ்லைடுக்குள் அது ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வந்து அமர்ந்தால்தான், கண் பார்க்கும் திசையும் குண்டு செல்லும் திசையும் மாறாமல் இருக்கும். ஆகவே முன்முனையில் குழலைத் தாங்கும் புஷிங்கும், பின்னால் உள்ள பூட்டுப் பற்களும் எவ்வளவு இறுக்கமாகப் பொருந்துகின்றன என்பதே முதன்மையானது. ஸ்லைடுக்கும் கீழ்ச் சட்டகத்துக்கும் இடையில் ஆட்டமே இல்லை என்று விற்பனையாளர்கள் கையில் கொடுத்து அசைத்துக் காட்டுவார்கள்; அது கைக்கு இதமாக இருக்குமே தவிர, துல்லியத்தில் அதன் பங்கு குழலின் பங்கைவிட மிகக் குறைவு.

எண்களில் சொல்வதானால், நல்ல தொழிற்சாலைப் பிஸ்டல் ஒன்று கையில் பிடிக்காமல், அசையாத தாங்கியில் பொருத்திச் சுடப்படும்போது 25 யார் தூரத்தில் ஏறத்தாழ 3 அங்குல வட்டத்துக்குள் குண்டுகளை இடும். கைவினைப் பிஸ்டல்கள் அதே தூரத்தில் ஒன்று அல்லது ஒன்றரை அங்குலத்துக்குள் இடும். அமெரிக்காவில் ஒற்றைக் கையால் சுடும் மரபுப் போட்டியில், 50 யார் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 3.36 அங்குலம். தொழிற்சாலைப் பிஸ்டலின் 3 அங்குலம் அந்தத் தூரத்தில் 6 அங்குலமாக விரியும். அதாவது, சுடுபவர் பிழையே விடாவிட்டாலும் சில குண்டுகள் வட்டத்துக்கு வெளியே போகும். கைவினைப் பிஸ்டலின் ஒன்றரை அங்குலம் 3 அங்குலமாகி, வட்டத்துக்குள் மட்டுமட்டாக அடங்கும். இந்தப் போட்டியைச் சுடுபவருக்கு மேலதிகச் செலவு ஆடம்பரமன்று. உங்கள் அண்ணன் 10 அல்லது 15 யார் தூரத்தில் நின்று சுடுபவரானால், அவர் கொடுக்கும் 3000 டொலர் வித்தியாசத்தை இலக்குத் தாளில் தேடினாலும் காண மாட்டார்.

ஆனாலும் இதை வெறும் பெருமை என்று ஒதுக்குவதற்கு எனக்கு மனமில்லை. இத்துறையில் பெயர்பெற்ற வில்சன் கொம்பாட் நிறுவனம் 1977 இல் ஆர்கன்சாஸ் மாநிலத்தின் பெரிவில் என்ற சிற்றூரில், ஒரு நகைக்கடையின் பின்புறத்தில் தொடங்கியது. அதன் நிறுவனர் கடிகாரம் பழுதுபார்ப்பவராக இருந்தவர். அதே ஊரில் 2004 இல் தோன்றிய நைட்ஹோக் நிறுவனத்தில், ஒரு பிஸ்டலைத் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே கைவினைஞர்தான் பொருத்துகின்றார். நல்ல வேலைப்பாட்டை விரும்பி, அதற்குக் கொடுக்கக் கையில் பணமும் உள்ளவர் அதை வாங்குவதில் தவறு என்ன? புள்ளிகள் கூடும் என்று நம்பி மட்டும் வாங்க வேண்டாம்.

பதில் 2: கடற்கரை வீதி

மேலே சொல்லப்பட்டவை தாங்கியில் பொருத்திச் சுட்ட கணக்குகள். மனிதக் கை தாங்கியன்று. தொடக்கநிலையாளர் ஒருவர் 25 யார் தூரத்தில் ஓரடி அகலத்துக்குச் சிதறவிடுகையில், பிஸ்டலின் பங்கை 3 அங்குலத்திலிருந்து ஒன்றரையாகக் குறைப்பதால் எதுவும் மாறப்போவதில்லை. அந்த 3000 டொலரை ரவைகளுக்கும் ஒரு நல்ல பயிற்றுநருக்கும் செலவிட்டால் ஓராண்டில் வேறு ஆளாகிவிடுவார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கணினி வழி இயங்கும் கடைசல் இயந்திரங்கள் வந்தபின், முன்னர் கையால் மட்டுமே பெறக்கூடியதாக இருந்த இறுக்கத்தின் பெரும்பகுதியைத் தொழிற்சாலைகளே தருகின்றன. செக் நாட்டின் சீஇசட் ஷடோ 2 என்ற பிஸ்டல் அதற்குச் சான்று. பெட்டியிலிருந்து எடுத்தபடியே உலகப் போட்டிகளில் அது பயன்படுத்தப்படுகின்றது. ஐ.பி.எஸ்.சி. (நடைமுறைச் சுடுதலுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு) போட்டிகளின் புரொடக்‌ஷன் பிரிவில் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் உள்ள பிஸ்டல்களுக்கு மட்டுமே இடமுண்டு. மாற்றங்களுக்கும் கடும் வரம்பு இருப்பதால், விருப்பப்படி செய்வித்த பிஸ்டலோடு அங்கே போய் நிற்கவே முடியாது.

பதில் 3: கொட்டாஞ்சேனை அக்கா

தம்பி, அண்ணனின் பிஸ்டலைப் பற்றி மற்றவர்கள் பேசிவிட்டார்கள். நான் உங்களுடையதைப் பற்றிச் சொல்கின்றேன். நம் கழகங்களில் பெரும்பாலோர் சுடும் 10 மீற்றர் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீற்றர், குண்டின் விட்டம் 4.5 மில்லிமீற்றர். மொரினி, ஸ்டெயர், வால்தர், பார்டினி ஆகிய நிறுவனங்களின் போட்டித்தரப் பிஸ்டல் எதை எடுத்தாலும், தாங்கியில் வைத்துச் சுட்டால் அந்த வட்டத்துக்கு வெளியே போகாது. ஆகவே இந்த விளையாட்டில் "தனியாகச் செய்விப்பது" என்பது குழலையோ விசையையோ பற்றியதன்று; கைப்பிடியைப் பற்றியது. கைப்பிடியில்தான் அது ஒவ்வொரு ரூபாவுக்கும் தகும் என்பது என் உறுதியான கருத்து.

காரணம் எளிது. பிஸ்டலை ஒற்றைக் கையால் நீட்டிப் பிடித்து, குறிகாட்டிகள் தாமாகவே நேர்கோட்டில் வந்து நிற்க வேண்டும். கைப்பிடி உள்ளங்கைக்குப் பொருந்தாவிட்டால் மணிக்கட்டு ஒவ்வொரு முறையும் சிறிது திருத்திக்கொள்ளும். போட்டியின் பிற்பகுதியில் அந்தத் திருத்தமே களைப்பாக மாறி, விசையை இழுக்கும் கணத்தில் முனையை அசைத்துவிடும். ஐரோப்பாவிலிருந்து வரும் கைப்பிடிகளில் சிறியது, நடுத்தரம், பெரியது என்ற அளவுகள் உண்டென்றாலும், நம் பெண்கள் பலருக்குச் சிறியதே பெரிதாக இருக்கின்றது. கையின் வெளிக்கோட்டை வரைந்து அனுப்பினால் வோல்நட் மரத்தில் செதுக்கித் தருபவர்கள் ஜேர்மனியில் இருக்கின்றார்கள். அதற்கும் வசதியில்லையென்றால், மரத்தூள் பசையை நிரப்பி, கையைப் பதித்து, உலர்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்துச் சீராக்கலாம். உலகத் தரத்தில் சுடுபவர்களும் இதைச் செய்கின்றார்கள். விதிகளை மட்டும் மறந்துவிடக் கூடாது: பிஸ்டல் 420 க்கு 200 க்கு 50 மில்லிமீற்றர் பெட்டிக்குள் அடங்க வேண்டும், 1500 கிராமுக்கு மேற்படக் கூடாது, விசை குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும், கைப்பிடியின் எந்தப் பகுதியும் மணிக்கட்டுக்கு ஆதாரமாகிவிடக் கூடாது.

பரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கி வீரர் யூசுப் டிகேச் சாதாரணக் கண்ணாடியோடு, மற்றக் கையைப் பைக்குள் விட்டபடி வெள்ளிப் பதக்கம் பெற்றதைப் பார்த்து, உபகரணமே தேவையில்லை என்று பலர் எழுதினார்கள். அவர் கையில் இருந்ததும் போட்டித்தரப் பிஸ்டல்தான் என்பதைப் பலர் கவனிக்கவில்லை.

வெள்ளவத்தை வாசகன்

மூவருக்கும் மிக்க நன்றி. 50 யார் போட்டியில் கலந்துகொள்ளும் எண்ணம் தற்போதைக்கு இல்லை என்றும், ஆனால் தமது பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லத்தக்க ஒரு பொருளாக அதை நினைப்பதாகவும் அண்ணன் சொல்கின்றார். அக்கா, கைப்பிடி பற்றிய உங்கள் விளக்கம் என் பிரச்சினையை அப்படியே சொல்கின்றது. கைவேலைப் பிஸ்டல் பழுதடைந்தால் கொழும்பில் என்ன செய்வது என்பதை மட்டும் எவராவது விளக்குவீர்களா?

பதில் 4: ஓய்வுபெற்ற களஞ்சியப் பொறுப்பாளர்

பொலிஸ் சேவையில் ஆயுதக் களஞ்சியத்தில் பணியாற்றியவன் என்ற முறையில் இதற்குப் பதிலளிக்கின்றேன். கையால் பொருத்தப்பட்ட பிஸ்டலின் சிறப்பே அதன் குறையும் ஆகும். அதன் குழலும் புஷிங்கும் அந்த ஒரு பிஸ்டலுக்காகவே அராவப்பட்டவை. உடைந்த பாகத்துக்குப் பதிலாகப் பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்துச் செருக முடியாது, செய்தவரிடமோ அவருக்கு நிகரான ஒருவரிடமோ அனுப்ப வேண்டும். ஹூஸ்டனில் இருப்பவருக்கு அது ஒரு பொதியை அனுப்பும் வேலை. இங்கோ 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இருக்கின்றது. அனுமதிப்பத்திரம் குறித்த இலக்கமுடைய குறித்த ஆயுதத்துக்கே வழங்கப்படுகின்றது. ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். அதை நாட்டுக்கு வெளியே அனுப்புவதற்கும் மீண்டும் கொண்டுவருவதற்கும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியைத் தனித்தனியாகப் பெற வேண்டியிருக்கும். அத்தனை கடிதங்களும் முடிவதற்குள் ஒரு போட்டிப் பருவமே கழிந்துவிடலாம்.

கொள்கைகள் மாறக்கூடியவை என்பதையும் கணக்கில் எடுங்கள். 2024 இன் பிற்பகுதியில், தற்பாதுகாப்புக்காகப் பொதுமக்களுக்கு வழங்கப்பட்ட துப்பாக்கிகளை ஒப்படைக்குமாறு அமைச்சு அறிவித்தது. விளையாட்டு அனுமதி வேறு வகை என்றாலும், ஓர் ஆயுதத்தில் பெருந்தொகையை முடக்குபவர் நம் நாட்டில் இதை எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியாது.

தொழிற்சாலைப் பிஸ்டலும் பழுதடையும். 2021 இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் தகுதிச் சுற்றில் இந்தியாவின் மனு பாகரின் பிஸ்டல் நடுவில் பழுதாகி, அவர் பெறுமதியான நிமிடங்களை இழந்தார். உயர்தரப் பிஸ்டல், பக்கத்தில் பயிற்றுநர், எல்லாம் இருந்தும் அந்த நிலை. எனவே உங்களுக்கு என் ஆலோசனை: கழகத்தில் ஏற்கனவே பலர் வைத்திருக்கும் அதே மாதிரியை வாங்குங்கள். காற்றுக் கசியாமல் தடுக்கும் சீல்களையும் சிறு சுருள்வில்களையும் ஒருவருக்கொருவர் கொடுத்துதவ முடியும். கைப்பிடியை மட்டும் உங்களுக்கென்று செய்வியுங்கள்.

பதில் 5: தெஹிவளைக்காரன்

களஞ்சியப் பொறுப்பாளர் ஐயா சொன்னதை இலங்கையைப் பொறுத்தவரை முழுமையாக ஏற்கின்றேன். அண்ணனைப் பொறுத்தவரை ஒரு சொல்: பிள்ளைகளுக்கு விட்டுச்செல்வதே நோக்கமென்றால், தமது விருப்பத்துக்கேற்ற செதுக்கல்களையும் வண்ணங்களையும் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஏனெனில் பிற்காலத்தில் விற்க நேர்ந்தால் செய்தவரின் பெயருக்கு விலை உண்டு, நம் ரசனைக்கு இல்லை. பணம் கொடுக்குமுன், அந்தக் குறிப்பிட்ட பிஸ்டலாலேயே சுட்ட சோதனை இலக்குத் தாளைத் தருவார்களா, எந்த ரவையால், எத்தனை யார் தூரத்திலிருந்து சுட்டார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கட்டும். இதற்குத் தயங்கும் பட்டறைக்கு முற்பணம் கொடுக்க வேண்டாம்.